சுந்தரராஜன் சாரை டீமில் எடுக்கலாமா?

ஆஹென், மேற்கு ஜெர்மனி, 21 ஏப்ரல் 1968, ஞாயிறு

இந்த வருஷத்து முதல் கிரிக்கெட் பிராக்டிஸ். வெயில் அடித்தது, நம்ப முடியவில்லை. எல்லாருக்கும் சொல்லி அனுப்பினேன், எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவன் ஷூ இல்லாமல் வந்தான். என்னைக் கேப்டனாக்கிய மகானுபாவர்களில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்பதே மத்தியானம்தான் ஆரம்பிக்கிறது.

பிட்ச் மேல் பாயை விரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தேங்காய் நார்ப் பாய், மழையில் ஊறி ஒரு பக்கம் சுருங்கிக் கிடக்கிறது. இழுத்துப் பிடித்து ஆணி அடித்தது பார்த்தசாரதி, என் ரூம்மேட். அவன் பேட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாய், வாடகை வேன், மைதானத்துக்கு யூனிவர்சிட்டி ஆபீஸில் அனுமதி எல்லாமே அவன்தான். "குருமூர்த்தி டாஸ் போட மட்டும் வருவான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பொய்யும் இல்லை.

ஜூலையில் மறுபடி பிரிட்டிஷ் ராணுவ முகாம் டீம். நான் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. போன வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஆட்டம் முடிந்துபோய், அவர்கள் மேஜர் பாவம் பார்த்து, "பொழுது இருக்கிறதே, இன்னொரு ஆட்டம் ஆடலாமா" என்று கேட்டார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும். அப்புறம் பேசாமல் உட்கார்ந்து தீசிஸ் எழுதுவேன்.

24 ஏப்ரல்

மென்சாவில், அதாவது யூனிவர்சிட்டி கான்டீனில், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் விக்கெட் கீப்பர் சிதம்பரம், யாழ்ப்பாணத்துக்காரன், தட்டோடு ஓடி வந்தான். "மச்சான், அந்த ஜன்னல் பக்கம் நொண்டி நொண்டிப் போறாரே, ஆரெண்டு தெரியுமோ? மெட்ராஸ் சுந்தரராஜன்!"

எனக்குப் புரையேறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சேப்பாக்கத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்தவன் நான். பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகு, போகிற போக்கில் ஒரு தட்டு தட்டி அனுப்புவார். வீட்டில் அதே மாதிரி செய்து பார்த்து அப்பாவின் மூக்குக் கண்ணாடியை உடைத்திருக்கிறேன்.

போய்ப் பேசினேன். மெஷின் டூல் லாபுக்கு ஒரு வருஷப் பயிற்சிக்கு வந்திருக்கிறாராம். தலை பாதி நரைத்துவிட்டது. எங்களிடம் ஒரு டீம் இருக்கிறது என்றேன். "நான் ஆடி ஒம்பது வருஷமாச்சுங்க. முட்டி போச்சு" என்றார். தட்டில் இருந்த உருளைக்கிழங்கை வெட்டினார். வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "பாய் விக்கெட்டா, புல் டர்ஃபா?" என்று கேட்டார்.

ஆட்டம் வேண்டாம் என்கிற ஆசாமி கேட்கிற கேள்வியா இது?

5 மே, ஞாயிறு

ஹாஸ்டல் சமையலறையில் மீட்டிங். விஷயம் ஒன்றே ஒன்று: சுந்தரராஜன் சாரை எடுக்கலாமா, கூடாதா. முட்டை பொரிக்க வந்த ஜெர்மன் பையன் ஒருவன் எங்கள் சத்தத்தைக் கேட்டு முட்டையோடு திரும்பிப் போய்விட்டான்.

பார்த்தசாரதி எடுத்த எடுப்பிலேயே எகிறினான். "வயசு நாப்பத்திரண்டு. ஒரு கால் இல்லை. டீம் நடத்தறோமா, மியூசியம் நடத்தறோமா? அவர் அடிப்பார், சரி. ஓடறது யாரு, எங்க மாமனாரா?" (அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.)

வேகப்பந்து போடுகிற காதர் சொன்னது: "பேரைக் கேட்டா எதிராளி பயப்படுவான்னு நினைக்காதீங்க. வெள்ளைக்காரனுக்கு சுந்தரராஜனும் தெரியாது, சுண்டைக்காயும் தெரியாது."

சிதம்பரம் விடவில்லை. "அவர் நிண்ட இடத்தில நிண்டு அடிச்சாலே காணும். எங்களுக்கு நிக்க ஏலாமல்தானே ஒவ்வொரு வருசமும் தோக்கிறம்?"

கடைசியில் வாயைத் திறந்தவன் அசோகன். எங்கள் ஓபனிங் பேட்ஸ்மேன், அளந்துதான் பேசுவான். "எடுக்கிறது ஈஸி. சரிப்படலைன்னா அவ்வளவு பெரிய மனுஷன்கிட்டப் போய் நாளைலேர்ந்து வராதீங்கன்னு யார் சொல்வாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பைப்பைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

ஓட்டு சமமாக வந்தது. என் ஓட்டை சாருக்குப் போட்டேன். அவர் உள்ளே வந்தால் வெளியே போகிற ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பார்த்தாவுக்கும் தெரியும்.

6 மே

பார்த்தா அவனுக்கு மட்டும் சாதம் வடித்துக்கொண்டான். ஹாலந்து எல்லையைத் தாண்டிப் போய் வாங்கி வந்த புளி, மிளகாய்ப் பொடி எல்லாம் இன்று முதல் அவன் அலமாரிக்குள்.

12 மே, ஞாயிறு

மழை. பிராக்டிஸ் இல்லை. பிரெட்டும் ஜாமும்.

19 மே, ஞாயிறு

சார் வந்தார். பழைய பேட், எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்தது. அதை ஏன் ஜெர்மனி வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாரோ, நான் கேட்கவில்லை.

காதர் முழு வேகத்தில் போட்டான். முதல் பந்து பாயில் பட்டு எகிறியது. சார் ஒரு இம்மி பின்னால் சாய்ந்து, கடைசி நிமிஷத்தில் ஒரு தட்டு. காதர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். பிறகு என்னிடம் வந்து, "நான் ஓட்டை மாத்திப் போடறேன்" என்றான்.

ஆனால் நடந்தால்தான் பார்க்க முடியவில்லை. பந்து பொறுக்கக் குனிந்தால் வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு குனிகிறார். ஸ்லிப்பில்தான் நிற்க வைக்க வேண்டும்.

பார்த்தா வேனை ஓட்டிக்கொண்டு வந்தான், பாயை விரித்தான், ஆணி அடித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் பண்ணுவதற்கு என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

2 ஜூன், ஞாயிறு

கொலோன் டீமோடு ஆட்டம். தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். நல்லவேளை, படிக்கிறவன் நான் மட்டும்தான்.

சார் ஸ்லிப்பில் மூன்று கேட்ச் பிடித்தார். பேட்டிங்கில் நாற்பது. அவர் அவுட் ஆகவே இல்லை. மற்றவர்கள் அவுட் ஆனார்கள், ரன் அவுட், வரிசையாக! அவர் அடித்துவிட்டுப் பழைய ஞாபகத்தில் "யெஸ்!" என்பார். எதிரில் நிற்கிறவன் விழுந்தடித்து ஓடி வருவான். நாலு எட்டு வைத்ததும் அவருக்கு முட்டி ஞாபகம் வரும். "நோ, நோ, கோ பேக்!" வந்தவன் திரும்பி ஓடுவதற்குள் குச்சி விழுந்திருக்கும்.

முதலில் சிதம்பரம், அடுத்து அசோகன், அப்புறம் காதர். அசோகனைப் பிடித்துக் கேட்டேன். ரன் இல்லை என்று உனக்கே தெரிகிறதே, அப்புறம் எதற்கு ஓடினாய்?

"சார் கூப்பிடறார். வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அடப்பாவிகளா! ரன் அவுட் ஆனாலும் ஆவீர்கள், மரியாதை குறையக் கூடாது! ஒரு ஜெர்மன்காரனோ வெள்ளைக்காரனோ இப்படி அவுட் ஆவானா? "நோ" என்று ஒரு கத்து கத்திவிட்டு நின்ற இடத்தில் நிற்பான். நான் மட்டும் என்ன, என்னை அவர் கூப்பிட்டிருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

திரும்பி வரும்போது பார்த்தா மெதுவாக விசிலடித்துக்கொண்டு வேனை ஓட்டினான்.

4 ஜூன்

மென்சா வாசலில் கொடி, கோஷம், நோட்டீஸ். எதிர்ப்பு, புரட்சி என்கிறார்கள். நான் அதற்கு நடுவில் புகுந்து போய் அசோகனைத் தேடிப் பிடித்து பை ரன்னர் திட்டத்தைச் சொன்னேன். சார் நின்று அடிப்பார். அவருக்குப் பதிலாக வேறொருவன் பக்கத்தில் நின்று ஓடுவான். மெட்ராஸ் லீகில் தொப்பை விழுந்த பாங்க் ஆபீசர்கள் எல்லாம் பை ரன்னர் வைத்துத்தான் ஆடுவார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. எனக்கு இது முன்னாலேயே தோன்றாமல் போனதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

22 ஜூன், சனி

சந்தையில் நாகலட்சுமி அக்காவைப் பார்த்தேன். சாரின் மனைவி. இதுவரை வணக்கத்தோடு சரி. கூடையில் முட்டைக்கோஸ். என்னைப் பார்த்ததும், "தம்பி, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலையில் சாருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின்கள் பூட்டுகிற பிரிவில், நாள் பூரா நின்று பார்க்கிற வேலை. ஜூலை கடைசியில் தொழிற்சாலை டாக்டர் உடம்பைப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் வேலை. மகள் சந்திராவை மெட்ராஸில் கன்யாஸ்திரீ ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வேலை உறுதியானால் அவளைக் கூட்டிக்கொள்ளலாம்.

"ஊர் வேலையை ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டார். இது போச்சுன்னா அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தக் குழந்தை ஒவ்வொரு தடவையும் எப்போ எப்போன்னு கேக்கறா. இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முட்டி வீங்கிட்டு வரார். கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்."

எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா என்றேன்.

"எப்படித் தெரியும்? அவரால உங்களுக்குப் பிரயோஜனமான்னு மீட்டிங் போட்டுப் பேசினீங்களாம். சிதம்பரம் தம்பி சொல்லுச்சு. உங்களால அவருக்குப் பிரயோஜனமான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

பக்கத்தில் ஒரு ஜெர்மன் பாட்டி பூங்கொத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது?

"நீங்க கேப்டன். வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டார்" என்றார்.

அவரை ஓடவே விடமாட்டேன், பை ரன்னர் வைக்கிறேன், சத்தியமாக என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்பது ரூமுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்து என்ன? ராணுவ டீம் ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். சார் இல்லாமல் அவர்களோடு ஆடுவதற்கு, ஆடாமலே தோற்றோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

23 ஜூன், ஞாயிறு

பிராக்டிஸ் முடிந்து சாரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். டாக்டர் பார்க்கிற வரைக்கும் வேண்டுமானால் நீங்கள்...

"நாகு பிடிச்சுட்டாளா உன்னை?" என்று சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "குரு, அந்த லாபில நான் சின்னப் பையன்களுக்குக் கீழே பயிற்சிக்காரன். பாஷை தெரியலை. எல்லாரும் மெதுவா, சத்தமா, குழந்தைகிட்டப் பேசற மாதிரி என்கிட்டப் பேசறான். வாரத்துல இந்த அரை நாள்தான் நான் பெரியவன். அதை எடுத்துடாதே."

சரி சார் என்றேன். சந்தையில் அக்காவிடம் ஒரு சத்தியம், மைதானத்தில் இவரிடம் ஒரு சரி. நல்ல கேப்டன்!

14 ஜூலை, ஞாயிறு

ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

ராணுவ டீம் முதலில் ஆடி 131. காதர் இன்று பேய் பிடித்தவன் மாதிரி போட்டான். சார் ஸ்லிப்பில் இரண்டு பிடித்தார். மேஜரே கை தட்டினார்.

சார் ஐந்தாவது ஆளாக இறங்கினார், கூடவே அசோகன் பை ரன்னராக. மேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்டத்தில் அடிபட்டவருக்குத்தான் ரன்னர் உண்டு, அதுதான் விதி, இவருக்கு இன்றைக்கு அடிபட்டதா என்று கேட்டார்.

இப்படி ஒரு விதி இருப்பதே எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. மெட்ராஸில் யார் விதிப் புத்தகம் படித்தார்கள்? சிதம்பரம் சட்டென்று, ஆமாம், காலையில் ஃபீல்டிங்கில்தான் பட்டது என்று ஆரம்பித்தான். சார் அவன் தோளில் கையை வைத்தார். மேஜரிடம் இங்கிலீஷில், "இன்றைக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில்" என்றார்.

மேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்படியானால் நிறைய நேரம் காத்திருந்திருக்கிறீர்கள். ஓட ஆள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பெரிய மனுஷன்.

சார் ஆடினார். அதை எழுத எனக்குத் தெரியாது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், பந்து நாலா பக்கமும் போனது. அசோகன் நாக்குத் தள்ள ஓடினான். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியாக நான் இறங்கினேன். எங்களுக்குக் கடைசி விக்கெட் நான்தான். ஜெயிக்க இன்னும் பதினொன்று. நான் ஒரு பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தடுத்தேன், அவர் இன்னொரு பக்கம் அடித்தார். ஏழு. நாலு. இரண்டு.

இரண்டு வேண்டும். பந்து அவர் பேட்டில் பட்டு பாயின்ட் பக்கம் போனது. "யெஸ்!" என்றார். நான் ஓடினேன். அந்தப் பக்கம் அசோகன் ஓடினான். பாதி தூரம் போய் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு எதிரே சார் ஓடி வந்துகொண்டிருக்கிறார்!

பேட்டை முன்னால் நீட்டிக்கொண்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, முகம் பூரா சிரிப்போடு. ஒரே ரன்னுக்கு மூன்று பேர் ஓடுகிறோம். "சார், நில்லுங்க!" என்று கத்தினேனா, கத்தவில்லையா? நினைவில்லை. பாய் ஓரத்தில் கால் மடங்கி விழுந்தார்.

ரன்னர் வைத்தவர் கிரீஸ் கோட்டை விட்டு வெளியே வரக் கூடாது. பாயின்டில் நின்றவன் எறிந்த பந்து நேராகக் கீப்பர் கைக்குப் போனது, குச்சி பறந்தது. அந்தப் பக்கம் அம்பயராக நின்றது பார்த்தசாரதி. பேட்டிங் பண்ணுகிற டீமிலிருந்துதான் அம்பயர் நிற்க வேண்டும், வெள்ளை லாப் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் நின்றான். விரலைத் தூக்கினான். ஒரு ரன்னில் தோல்வி.

நான் நேரே பார்த்தாவிடம் போய்க் கத்தினேன். பழி தீர்த்துட்டியா? திருப்திதானே? அவன் முகம் வெளுத்துவிட்டது. "அவுட்டுடா. அவர் நடுப் பிட்ச்சில கிடக்கார். நான் என்ன பண்ணட்டும்?" அப்புறம் சொன்னான்: "என்கிட்ட என்னடா நிக்கறே, போய் அவரைத் தூக்கு."

வெட்கக்கேடு. எதிர் டீம் மேஜர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சார் பாயில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "மறந்தே போச்சுடா குரு. சத்தியமா மறந்து போச்சு" என்றார். வலியில் கண்ணில் தண்ணீர். உதட்டில் இன்னும் அந்தச் சிரிப்பு.

15 ஜூலை

பார்த்தாவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். முட்டியில் இருந்து நீர் எடுத்தார்கள். நாகலட்சுமி அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. பார்த்தாவிடம் மட்டும், "தம்பி, டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ராத்திரி பார்த்தா இரண்டு பேருக்கும் சேர்த்து ரசம் வைத்தான். சாப்பிட உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "காரம் ஜாஸ்தி போலிருக்கு" என்று அவனே சொல்லிவிட்டான்.

31 ஜூலை

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சார் திரும்பிவிட்டார். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாராம் டாக்டர். முடியவில்லை. மெஷின் பிரிவு வேலை இல்லை என்றாகிவிட்டது. யாரோ ஒரு நல்ல இன்ஜினியர் இவருடைய டிராயிங்குகளைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு டிசைன் ஆபீஸில் வைத்துப் பார்க்கலாம் என்றாராம். தற்காலிகம். அடுத்த ஜூன் கடைசியில் டாக்டர் மறுபடி பார்ப்பார், அப்புறம்தான் நிரந்தரம். அதுவரை சந்திராவைக் கூட்டிக்கொள்ள முடியாது.

"நாற்காலி உத்தியோகம். ராஜா மாதிரி" என்றார் சார். அக்கா உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கிளம்புகிற வரைக்கும் கழுவினார்.

அந்தக் குழந்தைக்கு இன்னும் ஒரு வருஷம் ஹாஸ்டல். எங்களுக்கு ஒரு ரன் குறைந்ததற்கு நான் மூன்று நாள் தூங்காமல் இருந்தேன். சீ.

28 செப்டம்பர்

அவர்கள் ஸ்டுட்கார்ட் போய்விட்டார்கள். பார்த்தாதான் வேனில் சாமான் ஏற்றினான்.

11 ஏப்ரல் 1969

தீசிஸ் ஆகஸ்டில் கொடுக்க வேண்டும். இதுதான் என் கடைசி சீசன். ராணுவ டீம் ஆட்டம் இந்த வருஷம் ஜூன் எட்டாம் தேதி. பதினொரு பேரையும் எழுதி வைத்துவிட்டேன், பார்த்தா ஏழாவது.

7 ஜூன், சனி

மத்தியானம் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் சுந்தரராஜன் சார்! தோளில் பை, பைக்கு வெளியே அந்தக் கறுத்த பேட்டின் பிடி.

"நாளைக்குத்தானே? முட்டி இப்ப நல்லா இருக்கு. எக்சர்சைஸ் பண்றேன். பார்" என்று வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டினார். போன வருஷத்தை விட நன்றாகத்தான் நடக்கிறார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பழைய லாபில வேலை இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

டாக்டர் எப்போது பார்க்கிறார் என்று கேட்டேன்.

"இருபத்தி ஏழாம் தேதி. அதுக்கு இன்னும் நாள் இருக்கே."

பார்த்தா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். என் பக்கம் திரும்பி, "என் இடத்தை வேணா எடுத்துக்கடா. நான் அம்பயர் கோட்டைப் போட்டுக்கறேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் பொய். அவர் நாளைக்கு நின்றால் ஜெயிப்போம். எனக்குத் தெரியும், பார்த்தாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் கடைசி ஆட்டம். நாக்கு நுனியில் "சரி சார்" வந்து நின்றது.

"வேண்டாம் சார்" என்றேன்.

"ரன்னர் வச்சுக்கறேன். அந்த மேஜர் ஒத்துப்பார்."

"நீங்க ஓடிடுவீங்க சார்."

அவர் முகம் இறுகிவிட்டது. "ஓ! நான் வேண்டாத ஆளாயிட்டேன். சரி. போன வருஷம் நீதானேடா மென்சாவில வந்து பல்லை இளிச்சே? அப்ப முட்டி இருந்ததா?"

அப்போதும் இதே முட்டிதான் சார், அப்போது எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டியிருக்கிறது, ஆனாலும் வேண்டாம்... இதையெல்லாம் எப்படிச் சொல்வது? வேண்டாம் சார் என்று மறுபடி அதையே சொன்னேன். அசோகன் அன்றைக்குக் கேட்டானே, அவரிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று. கேப்டன்தான் சொல்ல வேண்டுமாம். சொல்லியாயிற்று.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பார்த்தா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, சிதம்பரம் ரூமில் படுத்துக்கொள்கிறேன் என்று போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

8 ஜூன், ஞாயிறு

தோற்றோம்.

அவர்கள் 118. நாங்கள் பேட்டிங்குக்கு இறங்கும்போது சார் யாரையும் கேட்காமல் பார்த்தாவின் லாப் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அம்பயராகப் போய் நின்றார். கோட் அவருக்குக் குட்டை. மேஜர் வந்து கை குலுக்கி, ஆடவில்லையா என்று கேட்டார். கேப்டன் எடுக்கவில்லை என்றார் சார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பார்த்தா பதினெட்டு ரன் அடித்தான்! அவன் வாழ்நாளில் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு சுற்றியதுதான், ஆனாலும் பதினெட்டு.

மறுபடி கடைசி விக்கெட், மறுபடி நான். இன்னும் ஒன்பது வேண்டும். அவர்களுடைய உயரமான பையன் ஒருத்தன் போட்ட பந்து என் காலில் பட்டது. லெக் ஸ்டம்புக்கு ரொம்ப வெளியே போகிற பந்து. அவன் சும்மா ஒப்புக்குத்தான் அவுட் கேட்டான், பாதிக் குரலில்.

சார் விரலைத் தூக்கினார்.

நான் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கேட்ட பையனே நம்பாமல் மேஜரைத் திரும்பிப் பார்த்தான். நான் பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டேன்.

சாயந்திரம் ஸ்டுட்கார்ட் ரயிலுக்குச் சிதம்பரம் கொண்டு போய் விட்டான். "அண்ணை வழி நெடுக ஒண்டும் கதைக்கேல்லை" என்றான்.

ராணுவ டீமை இனி நான் ஜெயிக்கப் போவதில்லை. எழுதிப் பார்த்தால் அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காலையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

9 ஜூன்

காலையிலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

5 ஜூலை, சனி

வராந்தா டெலிபோனில் எனக்கு அழைப்பு என்று கீழ் ரூம் பையன் வந்து சொன்னான். ஸ்டுட்கார்ட். முதலில் நாகலட்சுமி அக்கா பேசினார். டாக்டர் சரி என்றுவிட்டாராம். வேலை நிரந்தரம். சந்திராவுக்கு ஆகஸ்டில் டிக்கெட் எடுத்தாயிற்று. "தம்பி, அவ வந்ததும் ஒரு தடவை வாங்க. பார்த்தசாரதி தம்பியையும் கூட்டிக்கிட்டு" என்றார். கடந்த ஒரு வருஷத்தில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அப்புறம் சார் வந்தார். தீசிஸ் எந்த மட்டில் இருக்கிறது, ஸ்டுட்கார்ட்டில் ஒரே வெயில், டிசைன் ஆபீஸில் இப்போது அவருக்கு ஜன்னல் பக்கம் இடம், இப்படியே பேசிக்கொண்டு போனார். நானும் ம் ம் என்றேன்.

"குரு, அன்னைக்கு உனக்கு விரல் தூக்கினேனே... அது நாட் அவுட். எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

"தெரியும் சார்" என்றேன்.